வாய்மொழிப் பாட்டின் வழிமரபு

1666 சனவரி 2 அன்று நடிகை ஒருவர் பாடக் கேட்ட சிறிய இசுக்காத்துலாந்துப் பாட்டொன்றைப் பெரிதும் சுவைத்ததாகச் சாமுவேல் பீப்சு தம் நாட்குறிப்பில் எழுதினார். ‘பார்பரா ஆலன்’ என்னும் அப்பாட்டுக்கு நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய எழுத்துச் சான்று அதுவே. ஆயினும் அக்குறிப்பு பாட்டின் பிறப்பைச் சொல்லவில்லை. அந்நாளுக்கு முன்பே அது பிறந்துவிட்டது என்பதைத்தான் உறுதிசெய்கிறது. மேடைக்கென எவரோ இயற்றியதா, ஊர்ப்புறத்திலிருந்து மேடையேறியதா?

1690ஐ ஒட்டி அதன் சொற்கள் ஒற்றைத்தாளில் அச்சாயின. தெருவில் விற்ற இத்தகைய தாள்களில் இசைக்குறியீடு பெரும்பாலும் இராது. இன்ன மெட்டில் பாடுக என்னும் குறிப்பே தலைப்பின்கீழ் நிற்கும். இந்தத் தாளோ ‘பார்பரா ஆலன் மெட்டு’ என்றே சொல்லி நிறுத்திவிடுகிறது! வாங்குவோர்க்கு மெட்டு முன்பே தெரியும் என்பது அச்சிட்டவரின் துணிபு. ஆகவே சொல்லுக்கொரு வழிமரபு, மெட்டுக்கொரு வழிமரபு என இரண்டையும் தனித்தனியே தேடவேண்டும். ஒரு மெட்டு பல கதைகளைச் சுமக்கும். ஒரு கதை பல மெட்டுகளில் குடியேறும்.

சொல்லின் வழியே சென்றவர் ஆர்வர்டுப் பேராசிரியர் பிரான்சிசு சேம்சு சைல்டு. 1882 முதல் 1898 வரை வெளிவந்த அவருடைய பெருந்தொகுப்பில் 305 கதைப்பாட்டுகள் உள. பார்பரா ஆலன் அவற்றுள் 84ஆவது. இத்துறையில் முறை என்னவோ ஏட்டுச்சுவடிப் பதிப்பாசிரியரின் முறைதான். பாடவேறுபாடுகளை ஒப்பிடுவர். நல்ல பாடத்தைவிடச் சிதைந்த பாடமே பெரிதும் உதவும்: தொலைவிலுள்ள இருவர் ஒரே பொருளற்ற சொல்லைப் பாடினால், இருவர்க்கும் மூலம் ஒன்றெனக் கருதலாம்.

மெட்டின் வழியே சென்றவர் செசில் சார்ப்பு. 1916 முதல் 1918 வரை, மாட் கார்ப்பெலெசு அம்மையார் துணையோடு அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைகளில் 46 வாரம் சுற்றி, 281 பாடகரிடமிருந்து 1,612 மெட்டுகளைக் குறித்தார். வியத்தகு உழைப்பு. எனினும், பழைய ஆங்கிலப் பாட்டைத் தேடிய அச்செவி கருப்பின மக்களின் பாட்டையும் புதுப்பாட்டையும் பெரிதும் ஒதுக்கியது. எனவே அத்தொகுப்பை மலைமக்களின் முழுப் பாட்டுச் செல்வமாகக் கொள்வது தவறு.

மெட்டு எவ்வாறு மாறுகிறது? 2022இல் பேட்ரிக் சாவேசும் குழுவினரும் சப்பானிய, ஆங்கில நாட்டுப்பாடல்கள் 10,062இன் மெட்டுகளை, உயிரியலார் மரபணுத் தொடர்களை ஒப்பிடும் முறையிலேயே ஒப்பிட்டனர். நெருங்கிய உறவுடைய 328 இணைகள் கிடைத்தன. தாளத்தில் அழுத்தமான இடத்தைப் பெறும் சுரங்கள் எளிதில் மாறுவதில்லை. மாறும் சுரமும் பெரும்பாலும் அண்டைச் சுரமாகவே மாறுகிறது. தொடர்பற்ற இரு இசைமரபுகளிலும் இதே ஒழுங்கு காணப்பட்டது. உறவை நாட இது நல்ல துணை. ஆனால் எது தாய், எது சேய் என்பதை இவ்வொப்பீடு மட்டும் சொல்லாது.

அதற்குத் தேதியிட்ட தாள் வேண்டும். அமெரிக்கப் பாடற்குழுவான கார்ட்டர் குடும்பத்தார் 1928இல் ஒலிப்பதிவு செய்த ‘வைல்டுவுட் பிளவர்’, மலைநாட்டு மரபுப்பாட்டாகவே பலர் செவிக்குப் பட்டது. அதன் மூலமோ 1860இல் அச்சான வரவேற்பறைப் பாட்டு. இசையமைத்தவர் சோசப் பில்பிரிக்கு வெப்சுட்டர். இடைப்பட்ட 68 ஆண்டில் வாய்மாறி வாய்மாறிப் பூக்களின் பெயர்கள் பொருளிழந்து போயிருந்தன.