ஊதி வளர்த்த மரம்

தொடக்கப்பள்ளி ஆசிரியை ஒருவரின் கடிதம்: "ஐயா, என் பிள்ளைகளுக்காக ஒரு படக்கதை செய்கிறேன். புயலில் தனியாக மாட்டிக்கொண்ட மரம்தான் கதாநாயகன். நான் எதை வரைந்தாலும் காலிஃபிளவர் மாதிரியே வருகிறது. வழி சொல்லுங்கள்."

தூரிகையைக் கீழே வையுங்கள் அம்மா. ஒரு ஸ்ட்ரா போதும். தாளின் அடியில் இந்தியன் இங்க் ஒரு சொட்டு விட்டு, ஸ்ட்ராவை நன்றாகச் சாய்த்துப் பிடித்து ஊதுங்கள். நேர்மேலிருந்து ஊதினால் மரம் வராது, சிலந்திதான் வரும்.

சொட்டு ஓடும், ஓடும் வழியெல்லாம் கொஞ்சம் மையை விட்டுச்செல்லும். தாள் சொரசொரப்பாக இருக்கும் இடத்தில் தயங்கி இரண்டாகப் பிரியும். மை குறையக் குறையக் கிளை மெலிந்து, நுனி மயிரிழையாகிவிடும். மழைவிட்ட வாசலில் குச்சியால் வாய்க்கால் கீறி விளையாடியவன் நான். அதே ஆட்டம்தான் இது. அங்கே தண்ணீர் பள்ளம் தேடி ஓடியது, இங்கே நம் மூச்சுக்குப் பயந்து ஓடுகிறது. ஒரே பக்கமாக ஊதிப் பாருங்கள்: கண், வாய் எதுவும் வரையாமலே மரம் நடுங்கும்.

பனைக்கு இந்த வித்தை பலிக்காது. கிளைக்காத மரத்தை எங்கே ஊதுவது? மையைத் துணியில் ஒற்றியெடுத்த வறண்ட தூரிகையால் ஓர் இழுப்பு இழுத்தால், செதிலோடு பனை நிற்கும்.

இந்தியன் இங்க் என்பது புகைக்கரியும் பசையும். அரக்கு கலந்த வகை காய்ந்துவிட்டால், மேலே வாட்டர்கலர் பூசினாலும் கலங்காது. பேனா மை வெறும் சாயம். தண்ணீர் பட்டால் ஓடிவிடும். பேனாவின் கறுப்பு மை பல சாயங்களின் கலவையாக இருந்தால், ஈரத்தில் நீலமும் ஊதாவும் தனித்தனியே பிரியும். புயல் வானத்துக்கு அது போதும். (இந்தியன் இங்க்கை ஃபவுண்டன் பேனாவில் ஊற்றிவிடாதீர்கள். அப்பாவின் பேனாவை நான் அப்படித்தான் கொன்றேன்.)

இப்போது பல படக்கதைகளில் கணினியில் ஒரே மரத்தை நாற்பது முறை ஒட்டிக் காடு என்கிறார்கள். வேம்பா புளியா என்று பிள்ளை கேட்டால் என்ன சொல்வது? சென்னை தாரா புக்ஸ் 2006இல் வெளியிட்ட ‘தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’ கிடைத்தால் புரட்டுங்கள். துர்கா பாய், பஜ்ஜு ஷ்யாம், ராம் சிங் உர்வேதி என்ற மூன்று கோண்டு ஓவியர்களின் மரங்கள், கறுப்புத் தாளில் கையாலேயே ஸ்கிரீன் பிரிண்ட் செய்தவை. தாளே இரவு, மைதான் வெளிச்சம். எந்த மரமும் இன்னொன்றின் நகல் இல்லை.

முதல் இருபது தாள் வீணாகும். எறியாதீர்கள், கதையில் வேரோடு சாய்ந்த மரம் ஒன்றாவது வேண்டியிருக்கும். தலை சுற்றினால் ஊதுவதை நிறுத்துங்கள். ஸ்ட்ராவைப் பிள்ளைகள் கையில் கொடுத்தால் பக்கத்திலேயே இருங்கள், பழக்கதோஷத்தில் உறிஞ்சிவிடுவார்கள்.