அல்லியரசாணி முதல் மடொல் தூவ வரை

இலங்கையின் சப்ரகமுவ மாகாணத்து எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கத்து றப்பர்த் தோட்டங்களில் ஒரு காலத்தில் புத்தகத்தைக் காதால்தான் படித்தார்கள். விடியலில் தொடங்கிய பால்வெட்டு முடிந்து, பாலை ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்த பிறகு பொழுது கொஞ்சம் மிஞ்சும். எழுத்துத் தெரிந்த ஒருவர் லயத்து இஸ்தோப்பில் உட்கார்ந்து, பெரிய எழுத்து அல்லியரசாணி மாலையையோ விக்கிரமாதித்தன் கதையையோ ராகம் போட்டு வாசிப்பார். எதைப் படிப்பது என்ற கேள்வியே இல்லை. ஊரிலிருந்து பெட்டியில் வந்ததும் திருவிழாக் கடையில் அகப்பட்டதும்தான் இருப்பு. நல்லதங்காள் கதை கேட்டு அழுதவர்கள் மறுவருடமும் அழுதார்கள். அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பிடித்ததையே திரும்பக் கேட்பதும் ஒரு சுகம்.

கதையல்லாத எழுத்து தோட்டத்துக்குள் வந்தது பயந்து பயந்துதான். தொழிலாளர் நிலையை நேரில் பார்க்கக் தொழிலாளர் தலைவர் கோ. நடேசய்யரே புடவை வியாபாரி வேடத்தில் நுழைய வேண்டியிருந்தது. 1924இல் அவர் 'தேசபக்தன்' பத்திரிகையைத் தொடங்கினார். அவர் மனைவி மீனாட்சியம்மை இந்தியத் தொழிலாளரின் நிலைமையைப் பாட்டாக எழுதிச் சிறு நூலாக அச்சிட்டு, கூட்டங்களில் தாமே பாடினார். அரசியல் நூலும் காது வழியாகவே போய்ச் சேர்ந்தது.

1970களில் இந்தியப் புத்தகங்களுக்கும் சஞ்சிகைகளுக்கும் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தபோது உள்ளூர்ப் பதிப்பு தழைத்தது. வீரகேசரி வெளியீடாக 1974இல் வந்த தெளிவத்தை ஜோசப்பின் 'காலங்கள் சாவதில்லை' நாவலில், தோட்டத்து ஆட்களே கதைமாந்தரானார்கள். நல்லதங்காளின் இடத்தில் பக்கத்துக் காம்பராக்காரி.

அந்த வாசிப்பு நீடிக்கவில்லை. 1977லும் 1981லும் தமிழருக்கு எதிராக நடந்த வன்செயல்களில் சப்ரகமுவத் தோட்டங்களிலிருந்து பலர் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்விட்டார்கள். யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை எழுதாதவர் இல்லை. அதே 1981இன் ஆகஸ்டில் இரத்தினபுரி, காவத்தைப் பக்கத்து லயங்கள் எரிந்தபோது எந்தப் பெட்டிக்குள் என்ன புத்தகம் இருந்தது என்று யாரும் பட்டியல் போடவில்லை.

இன்று போனில் எல்லாம் இருக்கிறது. 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் ஈழத்து, மலையக நூல்கள் ஆயிரக்கணக்கில் இலவசம். அச்சுப் புத்தகம்தான் எட்டாது. தமிழ்நாட்டில் 400 ரூபாய்க்கு விற்கும் நாவல் இங்கே வந்துசேர்வதற்குள், ஒரு நாட்சம்பளத்தையே விழுங்கிவிடும்.

ஆனால் பெரிய மாற்றம் போனில் இல்லை, மொழியில் இருக்கிறது. தமிழில் உயர்வகுப்பு உள்ள பாடசாலை தூரமாக இருப்பதால் சப்ரகமுவத் தோட்டப் பிள்ளைகள் பலர் சிங்களப் பாடசாலைக்குப் போகிறார்கள். வீட்டில் தமிழ் பேசி, சிங்களத்தில் படிக்கிறார்கள். மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 'மடொல் தூவ' (1947) என்ற சிங்கள நாவலை அவர்கள் மூலத்திலேயே வாசிக்கலாம். அந்த வசதி பெரும்பாலான யாழ்ப்பாண வாசகர்களுக்கு இல்லை. வீட்டைவிட்டு ஓடி, ஆளில்லாத் தீவில் காடு வெட்டிப் பயிர் செய்யும் உபாலியும் ஜின்னாவும் லயத்துப் பிள்ளைக்கு அந்நியர்களா? ஒரு துண்டு சொந்த நிலம் என்ற ஆசையை அவனைவிட நன்றாக யார் அறிவார்?

தமிழ் எழுத்து மறந்துபோகும் என்று பெரியவர்கள் கவலைப்படுகிறார்கள். கவலை நியாயம், கையிலிருக்கும் சிங்களப் புத்தகத்தைப் பிடுங்குவது நியாயமில்லை. அதன் பக்கத்தில் தெளிவத்தையின் 'நாமிருக்கும் நாடே' கதைகளையும், சாரல்நாடன் எழுதிய நடேசய்யர் வரலாற்றையும் வைக்கலாம். துப்பறியும் கதை கேட்டால் அதையும் கொடுக்கலாம், முகம் சுளிக்காமல்.

வேற்று மொழி மலையகத்துக்குப் புதிதுமல்ல. சி.வி. வேலுப்பிள்ளை தேயிலைத் தோட்டத்து வாழ்வைப் பாடிய பெயர்பெற்ற கவிதை நூல் 1954இல் ஆங்கிலத்தில்தான் வந்தது. பிறகுதான் சக்தீ பாலையா அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். தெஹியோவிட்டப் பக்கத்துப் பிள்ளை ஒன்று நாளைக்கு லயத்துக் கதையைச் சிங்களத்தில் எழுதினால், அதற்கும் ஒரு சக்தீ பாலையா தேவைப்படுவார்.