பத்துப் பங்கு நூறானால் தங்கையின் பாகம் எவ்வளவு?

தகப்பனார் விட்டுச் சென்ற வீட்டையும் நிலத்தையும் பாகம் பிரிக்க வழி சொல்லும் பெரியவர்கள் எல்லா ஊர்களிலும் உளர். கம்பெனிப் பங்குகள் சொத்தாய் வந்து சேர்ந்தாலோ, கற்றறிந்த குடும்பங்களும் தடுமாறுகின்றன.

ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள்களைத் தயாரிக்கும் ஐஷர் மோட்டார்ஸ் கம்பெனி, 2020 ஆகஸ்டில் ரூ.10 முகமதிப்புள்ள பங்கு ஒவ்வொன்றையும் ரூ.1 முகமதிப்புள்ள பத்துப் பங்குகளாகப் பிரித்தது. ரூ.20,000க்கு மேல் விற்ற பங்கு, இரண்டாயிரத்துச் சொச்சத்திற்கு வந்தது. இதனால் எவர்க்கும் இலாபமுமில்லை, நஷ்டமுமில்லை. நூறு ரூபாய் நோட்டைப் பத்துப் பத்து ரூபாயாக மாற்றிக் கொண்டது போலத்தான். (கம்பெனியின் தொழிலும் வரவு செலவும் மார்க்கத்தில் ஆகுமானவையா என்பது வேறு விசாரணை.)

ஒருவர் 2019இல் இப்பங்குகள் பத்தினை ரூ.20,000 வீதம் வாங்கி, 2020 தொடக்கத்தில் வபாத்தானார் என்று வைத்துக் கொள்ளுங்கள். வாரிசுகள் இரு மகன்களும் ஒரு மகளும் மட்டுமே. கடனோ மரண சாசனமோ இல்லை. திருமறையின் 4ஆம் அத்தியாயம் வகுத்தபடி மகன்களுக்கு நந்நான்கு பங்குகள், மகளுக்கு இரண்டு. பாகப் பிரிவினை தாமதித்து 2021இல் நடக்கிறது. தகப்பனாரின் பழைய குறிப்பேட்டைப் பார்த்து, “உனக்கு இரண்டு” என்று அண்ணன் எழுதிக் கொடுத்தால் என்னாகும்? அவளுக்குரியவை இருபதன்றோ! மீதிப் பதினெட்டும் பிறர் ஹக்கு. தந்தை மறைந்த கணமே அப்பாகம் அவளுடையதாகி விட்டது. பின்னர் வந்த பிரிப்பும், விலையின் ஏற்ற இறக்கமும், ஈவுத் தொகையும் அவளையே சேரும்.

இனி வரிக் கணக்கு. அவ்விருபதையும் அவள் ரூ.3,000 வீதம் விற்கிறாள் எனில், அடக்க விலை தந்தை கொடுத்ததே. அதையும் பத்தால் வகுத்தல் வேண்டும். அடக்கம் ரூ.2,000, மூலதன ஆதாயம் மொத்தம் ரூ.20,000. வகுக்க மறந்தால், ரூ.3,40,000 நஷ்டம் என்ற பொய்க் கணக்கு எழுந்துவிடும். வைத்திருந்த காலமும் தந்தை வாங்கிய நாளிலிருந்தே எண்ணப்படும். 12 மாதங்களைக் கடந்தால் அது நீண்டகால ஆதாயம். 2024 ஜூலை 23க்குப் பிந்திய விற்பனைக்கு வரி 12.5 சதவீதம், ஆண்டில் முதல் ரூ.1.25 லட்சம் நீங்கலாக. மெய்யாகவே நீண்டகால நஷ்டம் நேர்ந்திருப்பின், நீண்டகால ஆதாயத்தில் மட்டுமே அதனைக் கழிக்கலாம். கெடுவுக்குள் கணக்குச் சமர்ப்பித்தோர் 8 ஆண்டுகள் வரை கொண்டு செல்லலாம்.

போனஸ் பங்கைப் பிரிப்பென்று எண்ணி மயங்காதீர். அதற்கு அடக்க விலை பொதுவாகச் சூன்யம். காலமும் ஒதுக்கப்பட்ட நாளிலிருந்தே தொடங்கும்.

விற்றால்தான் வரி. ஜகாத்தோ அங்ஙனமன்று. வியாபார நோக்கில் வைத்துள்ள பங்குகளுக்கு, விற்காவிடினும், ஆண்டு நிறைவு நாளின் சந்தை விலையில் 2.5 சதவீதம் என 1988இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் மன்றம் தீர்மானித்துள்ளது. ஈவுத் தொகைக்காக மட்டும் வைத்திருப்போர்க்குக் கணக்கு வேறு. அதனை ஆலிம்களிடம் கேட்டறிக. எவ்வாறாயினும், எண்ணிக்கையை அன்றைய டிமேட் கணக்கிலிருந்தே எடுங்கள். பழைய குறிப்பேட்டிலிருந்து வேண்டாம்.