உங்களுக்குத் தெரியுமா? தவிட்டோடு போனவை

வெள்ளை அரிசியின் குறையைக் காட்டிக்கொடுத்தவை கோழிகள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில், இன்றைய ஜகார்த்தாவான பத்தாவியாவில், டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் ஐக்மான் பெரிபெரி நோய்க்குக் காரணமான கிருமியைத் தேடிக்கொண்டிருந்தார். அவருடைய ஆய்வுக்கூடத்துக் கோழிகள் அந்த நோய் வந்தவர்களைப் போலவே திடீரென்று கால் தள்ளாடி விழுந்தன. பிறகு தாமாகவே தேறின. விசாரித்தால், ராணுவ மருத்துவமனையில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோற்றை அவற்றுக்குப் போட்டிருக்கிறார்கள். புதிதாக வந்த சமையல்காரர், பட்டாளத்துச் சோறு கோழிகளுக்கு எதற்கு என்று நிறுத்திவிட்டார். தீட்டாத அரிசிக்கு மாறியதும் கோழிகள் பிழைத்தன! ஐக்மானுக்கு 1929-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தச் சமையல்காரருக்கும் அதில் ஒரு பங்கு தந்திருக்கலாம்.

அரிசியைத் தீட்டும்போது தவிட்டோடு போனது பி1 வைட்டமின். அது இல்லாமல் மாவுச்சத்தை உடல் ஆற்றலாக மாற்ற முடியாது.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது இந்த பி1-இல் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அதனால்தான் ஆலையில் தீட்டிய பிறகும் புழுங்கலரிசியில் கொஞ்சம் மிஞ்சுகிறது. பச்சரிசிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

உணவின் வடிவம் மாறினாலும் விளைவு மாறும். ஆப்பிளைக் கடித்துத் தின்பதைவிட 11 மடங்கு வேகமாக அதன் சாற்றைக் குடித்துவிடலாம். 1977-இல் பிரிட்டனில் 10 பேரை வைத்துச் சோதித்தார்கள். சர்க்கரையின் அளவு ஒன்றேதான். ஆனாலும் சாறு குடித்தபோது இன்சுலின் அதிகம் சுரந்தது, வயிறும் நிறையவில்லை.

கேழ்வரகு என்றாலே சர்க்கரைக்கு நல்லது என்பது பாதி உண்மைதான். எந்தத் தானியத்தையும் நைசாக அரைத்தால் செரிமானம் வேகமாகும். ரத்தச் சர்க்கரையும் வேகமாக ஏறும். கரைத்துக் குடிக்கும் கூழைவிட, முழுதாக வேகவைத்த வரகுச் சோறு மெதுவாகச் செரிக்கும். 'சிறுதானிய பிஸ்கட்' வாங்குமுன் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள்; பலவற்றில் முதலில் இருப்பது மைதா.

வடித்து ஆறவைத்த சோற்றில் மாவுச்சத்தின் ஒரு பகுதி எளிதில் செரிக்காத வடிவத்துக்கு மாறுகிறது. பலன் சிறிதுதான். அதை நம்பி இன்னொரு கரண்டி போட்டுக்கொள்ள வேண்டாம்.

சாப்பிடும் வரிசைக்கும் பங்கு உண்டு. 2015-இல் நியூயார்க்கில் சர்க்கரை நோயாளிகள் 11 பேர் காய்கறியையும் கோழிக்கறியையும் முதலில் சாப்பிட்டு, ரொட்டியைக் கடைசியில் தொட்டார்கள். ரொட்டியை முதலில் சாப்பிட்ட நாளோடு ஒப்பிட்டால், ஒரு மணி நேரத்தில் ரத்தச் சர்க்கரை 37 சதவீதம் குறைவு. இன்றே செய்து பார்க்கலாம், செலவில்லை. மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மட்டும், சாப்பிடும் வரிசையையோ சோற்றின் அளவையோ மாற்றுமுன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.