“கரண்டு வைத்தால் உயிர் போகுமா?” புற்றுநோயும் கதிர்வீச்சும்: ஆராய்ச்சிகள் சொல்லும் உண்மை

தாராவியில் தோல் பட்டறை ஒன்றில் வேலை பார்ப்பவர் அவர். சொந்த ஊர் நெல்லை பக்கம். மனைவிக்கு கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் என்று டாக்டர்கள் சொன்னார்கள். “25 நாள் கரண்டு வைக்க வேண்டும். அதன் பிறகு உள்ளே வைக்கும் சிகிச்சை. நடுவில் நிறுத்தக்கூடாது” என்றார்கள்.

முதல் 6 நாள் ஒழுங்காக நடந்தது. காலையில் சயானில் ரெயில் ஏறி பரேலில் இறங்குவார்கள். மத்தியானம் வீடு திரும்பி விடுவார்கள்.

ஏழாம் நாள் அந்த அம்மாள் கிளம்பவில்லை.

“அந்தக் கரண்டு வச்சா உடம்பே வெந்து போவும் மதினி. ஒரு நோவைப் போக்க இன்னொரு நோவை வரவழைக்காவ. எங்க ஊர்ல ஒருத்தி அப்படித்தான் போனா” என்று பக்கத்து வீட்டுப் பெண் சொல்லி விட்டாள். அதோடு விடவில்லை. “வயசுக்கு வந்த பிள்ளை வீட்டுல இருக்கு. அது உங்க பக்கத்துலயா படுக்கு? இது ரத்தத்துல வார நோவுன்னு தெரிஞ்சா யாரு பொண்ணு கேட்டு வருவா?” என்றும் கேட்டு விட்டாள்.

அந்தப் பெண் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவள் கேட்ட கேள்விகளைத்தான் விஞ்ஞானிகளும் நூறு வருடங்களுக்கு மேலாக கேட்டு வருகிறார்கள். கதிர்வீச்சு புற்றுநோயை உண்டாக்குமா? சிகிச்சையே இன்னொரு நோயைக் கொண்டு வருமா? தாயிடம் இருந்து மகளுக்குப் போகுமா?

பதில்கள் கிடைத்திருக்கின்றன. ஆனால் அவை குடிசை வாசல் வரை வந்து சேரவில்லை.

“கரண்டு” என்பது என்ன?

நம்மவர்கள் “கரண்டு” என்று சொல்வது மின்சாரம் அல்ல, கதிர்வீச்சு. ஒரு வகை எந்திரத்தில் கோபால்ட்-60 என்ற உலோகம் இருக்கும். அதில் இருந்து காமா கதிர்கள் வந்து கொண்டே இருக்கும். இன்னொரு வகை எந்திரம் மின்சாரத்தைக் கொண்டு சக்தி வாய்ந்த எக்ஸ்ரே கதிர்களை உண்டாக்கும்.

அந்தக் கதிர்கள் உடம்புக்குள் புகுந்து, உயிரணுவின் உள்ளே உள்ள மரபுப் பொருளை வெட்டுகின்றன. நல்ல உயிரணு தன் காயத்தை ஓரளவு ஆற்றிக் கொள்ளும். புற்று உயிரணுவுக்கு அந்தத் திறமை குறைவு. அதனால்தான் ஒரே நாளில் மொத்தமாகக் கொடுக்காமல், வாரம் 5 நாள் வீதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறார்கள். நல்ல உயிரணு ராத்திரியில் தேறிக் கொள்ளும். கெட்டது சாகும்.

வெட்டிய இடம் தப்பும் தவறுமாக ஒட்டிக் கொண்டால், பல வருடம் கழித்து அங்கே புதிதாக ஒரு புற்று முளைக்கவும் கூடும். நோயைக் கொல்லும் அதே கதிர் நோயை உண்டாக்கவும் கூடும் என்பது இதனால்தான்.

முதலில் பலியானவர்கள் தொழிலாளர்கள்

1895-ல் ஜெர்மனியில் ராண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். உலகமே வியந்தது. அமெரிக்காவில் எடிசனின் உதவியாளராக இருந்த கிளாரன்ஸ் டாலி, எக்ஸ்ரே குழாய்களைத் தன் கையை நீட்டியே சோதித்து வந்தார். கைகளில் புற்று வந்தது. கைகளை வெட்டி எடுத்தார்கள். 1904-ல் இறந்து போனார். எடிசன் எக்ஸ்ரே ஆராய்ச்சியையே விட்டு விட்டார்.

ரேடியத்தைக் கண்டுபிடித்த மேரி கியூரி 1934-ல் ரத்தம் ஊறாத நோயால் இறந்தார். அவருடைய மகள் ஐரீன் 1956-ல் ரத்தப் புற்றுநோயால் இறந்தார்.

அதை விட பரிதாபம் அமெரிக்காவில் கடிகாரக் கம்பெனிகளில் வேலை பார்த்த இளம் பெண்களின் கதை. இருட்டில் ஒளிரும் எண்களை ரேடியம் கலந்த பூச்சால் எழுதுவது அவர்கள் வேலை. தூரிகையின் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கச் சொன்னார்கள். ரேடியம் எலும்பில் போய்த் தங்கியது. தாடை எலும்பு அரித்தது. பலருக்கு எலும்பில் புற்று வந்தது. நியூஜெர்சியில் 5 பெண்கள் துணிந்து வழக்குப் போட்டார்கள். 1928-ல் கம்பெனி சமாதானத்துக்கு வந்தது. இன்று கதிர்வீச்சு வேலை செய்பவர்களுக்கு இருக்கும் பாதுகாப்பு விதிகளுக்கு அந்தப் பெண்களின் துணிச்சலும் ஒரு காரணம்.

ஹிரோஷிமா கற்றுத் தந்தது

1945 ஆகஸ்டு 6-ந் தேதி ஹிரோஷிமாவிலும், 9-ந் தேதி நாகசாகியிலும் அணுகுண்டு விழுந்தது. பிழைத்தவர்கள் கதி என்ன ஆயிற்று என்பதை விஞ்ஞானிகள் இன்று வரை தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். சுமார் 1 லட்சத்து 20 ஆயிரம் பேர் இந்த ஆராய்ச்சியில் சேர்க்கப்பட்டார்கள். கதிர்வீச்சு பற்றி உலகத்துக்குத் தெரிந்ததில் பெரும் பகுதி இவர்களால் தெரிந்ததுதான்.

குண்டு விழுந்த சில வருடங்களிலேயே ரத்தப் புற்றுநோய் தலை தூக்கியது. மற்றப் புற்றுநோய்கள் சுமார் 10 வருடம் கழித்து வரத் தொடங்கின. எவ்வளவு அதிகமாகக் கதிர் பட்டதோ அவ்வளவு அதிகமாக ஆபத்து. சிறு வயதில் பட்டவர்களுக்கு ஆபத்து மேலும் கூடுதல்.

எவ்வளவு கூடுதல்? 30 வயதில் உடம்பு முழுவதும் ஒரு “கிரே” என்ற பெரிய அளவு கதிர் பட்டவருக்கு, 70 வயதில் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களை விட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அணுகுண்டில் இருந்து தப்பியவர் எல்லோருக்கும் புற்றுநோய் வந்து விடவில்லை.

இன்னொரு செய்தியும் முக்கியம். உயிர் தப்பியவர்களுக்குப் பின்னால் பிறந்த பிள்ளைகள் சுமார் 77 ஆயிரம் பேரையும் ஆராய்ந்தார்கள். பெற்றோருக்குக் கதிர் பட்டதால் பிள்ளைகளுக்குப் புற்றுநோய் கூடியதாக இதுவரை தெரியவில்லை.

கேரள மணல் சொல்லும் பதில்

நம் நாட்டிலும் ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்தது. கேரளாவில் கொல்லம் மாவட்டம் கருநாகப்பள்ளி கடற்கரை மணலில் தோரியம் இருக்கிறது. நம் குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் இருப்பதும் இதே வகை மணல்தான்.

உலகத்தில் எங்கு வாழ்ந்தாலும் மண்ணில் இருந்தும் வானத்தில் இருந்தும் வருடத்துக்குச் சராசரி 2.4 “மில்லி சீவெர்ட்” கதிர் எல்லோர் மீதும் படுகிறது. கருநாகப்பள்ளியில் சில இடங்களில் அது பல மடங்கு அதிகம். அங்குள்ள சுமார் 70 ஆயிரம் பேரை, திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தினர் சராசரி 10 வருடங்களுக்கு மேல் கவனித்து, 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். மணல் கதிரால் புற்றுநோய் அதிகமானதாக அதில் தெரியவில்லை.

ஒரேயடியாகப் பெரிய அளவில் பட்டால் ஆபத்து. சிறிது சிறிதாக நீண்ட காலம் பட்டால் ஆபத்து மிகச் சிறியது. அதை அளந்து பார்ப்பதே கடினம்.

சிகிச்சையே நோய் ஆகுமா?

பக்கத்து வீட்டுப் பெண் கேட்ட கேள்விக்கு வருவோம்.

கதிர்வீச்சு சிகிச்சையால் பின்னாளில் இன்னொரு புற்றுநோய் வருவது உண்டு. டாக்டர்கள் இதை மறைப்பதில்லை. அமெரிக்காவில் புற்றுநோயில் இருந்து மீண்ட 6 லட்சத்து 47 ஆயிரம் பேரின் விவரங்களை ஆராய்ந்து 2011-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். கதிர்வீச்சு சிகிச்சை பெற்ற 1,000 பேரில், 15 வருடத்துக்குள் கூடுதலாக 5 பேருக்குத்தான் அதனால் இரண்டாவது புற்றுநோய் வந்தது.

கழுத்திலும் மார்பிலும் சிகிச்சை பெற்ற சிறுமிகளுக்கும் இளம் பெண்களுக்கும் மட்டும் ஆபத்து கூடுதல். அதனால் அவர்களுக்குக் கதிரின் அளவையும் படும் இடத்தையும் குறைத்து விட்டார்கள். மார்பகச் சோதனையையும் முன்கூட்டியே தொடங்கச் சொல்கிறார்கள்.

மறு தட்டில் இருப்பது என்ன? பரேல் டாட்டா நினைவு ஆஸ்பத்திரி, முற்றிய நிலையில் கர்ப்பப்பை வாய் புற்றுநோயுடன் வந்த 850 பெண்களை ஆராய்ந்து 2018-ல் முடிவை வெளியிட்டது. கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 100-க்கு 46 பேர் 5 வருடம் கழித்தும் உயிரோடு இருந்தார்கள். அதோடு வாரம் ஒரு மருந்து ஊசியும் சேர்த்துப் பெற்றவர்களில் 54 பேர். சிகிச்சையே இல்லாவிட்டால் இந்த நோய் உயிரைக் குடித்து விடும்.

பதினைந்து வருடம் கழித்து ஆயிரத்தில் 5 பேருக்கு வரக்கூடிய ஆபத்துக்குப் பயந்து, இன்றைக்கு வாசலில் நிற்கும் ஆபத்தை வீட்டுக்குள் விடலாமா?

இந்தச் சிகிச்சை முழுவதையும் 8 வாரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது டாக்டர்களின் கணக்கு. நாள் தள்ளத் தள்ள, தப்பிய புற்று உயிரணுக்கள் மீண்டும் பெருகும். பட்ட கஷ்டம் வீணாகும்.

டாட்டா ஆஸ்பத்திரி 1941-ல் தொடங்கப்பட்டது. 1962 முதல் அது அணுசக்தி இலாகாவின் கீழ் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கும் அணுசக்திக்கும் என்ன சம்பந்தம் என்று பலர் கேட்பார்கள். புற்றுநோயைக் குணப்படுத்துவதில் கதிர்வீச்சுக்கு இருக்கும் பங்கை விஞ்ஞானி ஹோமி பாபா அன்றே கண்டு கொண்டதுதான் காரணம்.

பரம்பரையாக வருமா?

புற்றுநோய்களில் 100-க்கு 5 முதல் 10 வரைதான் பெற்றோரிடம் இருந்து வரும் மரபணுக் கோளாறால் வருபவை. மார்பகம், சினைப்பை புற்றுநோயில் “பி.ஆர்.சி.ஏ.” என்ற இரண்டு மரபணுக்கள் 1994, 1995-ம் வருடங்களில் கண்டுபிடிக்கப்பட்டன. இதில் கோளாறு உள்ளவரின் பிள்ளைகளுக்கு, ஆணோ பெண்ணோ, அது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. வந்தாலும் எல்லோருக்கும் நோய் வருவதில்லை.

சில குடும்பங்களில் கண் விழித்திரைப் புற்றுநோய் குழந்தைகளுக்கு வருகிறது. இந்தக் குழந்தைகளுக்குக் கதிர் பட்டால், பிறகு இன்னொரு புற்று வரும் ஆபத்து அதிகம். எனவே டாக்டர்கள் கூடிய மட்டும் வேறு சிகிச்சை தருகிறார்கள். “குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா?” என்று டாக்டர் கேட்டால் வெட்கப்பட்டு மறைக்கக் கூடாது. சிகிச்சையே அதனால் மாறக்கூடும்.

கர்ப்பப்பை வாய் புற்றுநோய் அப்படிப்பட்டது அல்ல. அது ஒரு வைரஸ் கிருமியால் வருவது. இதைக் கண்டுபிடித்த ஜெர்மன் விஞ்ஞானி ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது. சிறு பெண்களுக்குப் போட தடுப்பு ஊசி இருக்கிறது. நம் நாட்டிலேயே தயாராகிறது.

வந்தாலும் ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்கலாம். மும்பை குடிசைப் பகுதிகளில் சுமார் 1½ லட்சம் பெண்களை வைத்து டாட்டா ஆஸ்பத்திரி 12 வருடம் ஓர் ஆராய்ச்சி நடத்தியது. அவர்களில் ஒரு பாதிப் பேருக்கு, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணிப் பெண்களே கர்ப்பப்பை வாயில் வினிகரில் உள்ள அமிலத்தைத் தடவிச் சோதித்தார்கள். இந்த எளிய சோதனையால் அந்த நோயில் இறப்பவர்கள் 31 சதவீதம் குறைந்தார்கள்.

எக்ஸ்ரே, ஸ்கேன், பழைய இரும்பு

நெஞ்சு எக்ஸ்ரே ஒன்றில் படும் கதிர், பூமியில் இருந்து சில நாட்களில் தானாகவே நம் மீது படும் அளவுதான். பயம் வேண்டாம். சி.டி. ஸ்கேன் அப்படி அல்ல. வயிற்று ஸ்கேன் ஒன்றில் 3, 4 வருடத்துக் கதிர் ஒரே தடவையில் பட்டு விடும். ஐரோப்பாவில் ஸ்கேன் எடுத்த சுமார் 9½ லட்சம் பேரை ஆராய்ந்து 2023-ல் முடிவு வெளியிட்டார்கள். சிறு வயதில் ஒரு தடவை ஸ்கேன் எடுத்த 10 ஆயிரம் பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு, அடுத்த 12 வருடத்தில் அதனால் ரத்தப் புற்றுநோய் வரக்கூடும் என்று தெரிந்தது. டாக்டர் தேவை என்றால் எடுத்தே ஆக வேண்டும். “எதற்கும் ஒன்று எடுத்து வைப்போம்” என்று நாமாகப் போகக் கூடாது. பழைய படங்களைப் பத்திரமாக வைத்திருந்தால் மறுபடி எடுக்க வேண்டியிராது. கர்ப்பிணிப் பெண்கள் எக்ஸ்ரே அறைக்குள் போகும் முன்பே சொல்லி விட வேண்டும்.

பழைய இரும்பு வியாபாரத்தில் இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 2010 ஏப்ரலில் டெல்லி மாயாபுரி பழைய இரும்பு சந்தைக்கு ஒரு பழைய ஆராய்ச்சிக் கருவி வந்தது. உள்ளே கோபால்ட்-60 இருந்தது தெரியாமல் பிரித்தார்கள். ஒரு தொழிலாளி உயிர் இழந்தார். பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். மஞ்சள் நிறத்தில் மூன்று இதழ் விசிறி போன்ற அடையாளம் எந்தப் பொருளில் இருந்தாலும் தொடாமல் விலகி, போலீசுக்குச் சொல்ல வேண்டும்.

எக்ஸ்ரேக்குப் பயப்படும் பலர் பீடிக்குப் பயப்படுவதில்லை. புகையிலையிலும் பொலோனியம்-210 என்ற கதிர்வீச்சுப் பொருள் இருக்கிறது. அதோடு சேர்ந்து புற்றை உண்டாக்கும் ரசாயனங்கள் பல. பீடி, குட்கா, சுண்ணாம்பு வைத்துக் கசக்கும் தம்பாக்கு, எல்லாமே ஆபத்துதான்.

விளக்கை அணைத்த பிறகு

தாராவி அம்மாள் 3 நாள் போகவில்லை. நாலாம் நாள் அவர் கணவர் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போய் விஷயத்தைச் சொன்னார். அங்கிருந்த ஒரு தமிழ் நர்ஸ் போனில் பேசினார்.

“அக்கா, விளக்கை அணைச்ச பிறகு வெளிச்சம் உங்க சேலையில ஒட்டிக்கிட்டா இருக்கும்? எந்திரத்தை நிறுத்தினா கதிரும் நின்னு போச்சு. தைராய்டு புற்றுக்கு மருந்தா குடிக்கிறவங்களைத்தான் சில நாள் தனியா வைப்பாங்க. உங்களுக்கு அது இல்ல. மகளைப் பக்கத்துலயே படுக்க வைங்க. அதுக்கு உங்க நோய் ரத்தத்துல வராது. நாளைக்கு வந்திருங்க.”

மறுநாள் காலை சயானில் அவர் ரெயில் ஏறினார். துணைக்கு மகளும் வந்தாள்.