மூன்று சென்ட் வாங்கும் உரிமை

கொச்சி மட்டாஞ்சேரியின் பஜார் ரோட்டில் மிளகுக் கிடங்கைத் தலைமுறையாக வாடகைக்கு வைத்திருப்பவர், 'எனக்கே விற்றுவிடுங்கள்' என்று உரிமையாளரைச் சட்டப்படி கட்டாயப்படுத்த முடியாது. அடுத்தவர் மனையின் ஓரத்தில் குடிசை போட்டு இருந்தவரால் 1970 முதல் அது முடிந்தது. அதுவும் சந்தை விலையில் கால் பங்குக்கு.

வாடகைக்கு இருப்பவருக்கே தள்ளுபடியில் விற்பது என்றால் பலருக்கும் நினைவு வருவது பிரிட்டன். தாட்சர் அரசின் 1980 வீட்டுவசதிச் சட்டப்படி, உள்ளாட்சி மன்ற வீட்டில் மூன்று ஆண்டு இருந்தவருக்கு 33 சதவீதம் தள்ளுபடி. கூடுதலாக இருந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு சதவீதம் சேர்த்து 50 வரை. கேரளம் பத்தாண்டு முன்பே இதைவிடப் பெரிய தள்ளுபடி கொடுத்தது. ஆனால் அங்கே விற்றது உள்ளாட்சி, இங்கே விற்க வேண்டி வந்தது தனியார்.

கேரள நிலச் சீர்திருத்தச் சட்டம் 1963-லேயே வந்துவிட்டது. உயிர் வந்தது 1969 திருத்தத்தில். 1970 ஜனவரி 1 முதல் அது நடப்புக்கு வந்தது. இதில் 'குடிகிடப்புக்காரர்' என்பவர், வேறு வீடுவாசல் இல்லாமல் அடுத்தவர் நிலத்தில் அவர் சம்மதத்தோடு குடிசை கட்டியோ, நிலக்காரர் கட்டிக்கொடுத்த குடிசையிலோ இருப்பவர். நிலக்காரர் கட்டிய குடிசை என்றால், கட்டிய காலத்தில் அதற்கான செலவு 750 ரூபாயைத் தாண்டியிருக்கக் கூடாது. அல்லது அன்று மாதம் 5 ரூபாய்க்கு மேல் வாடகை தேறாததாக இருக்க வேண்டும். அது குடிசையா, வீடா என்று எத்தனையோ நிலக்காரர்கள் வழக்காடியதில் வியப்பில்லை. அந்த ஒரு வார்த்தையில் அவர்கள் மனையே போய்விடும்.

வாங்கக்கூடிய அளவு ஊருக்கு ஊர் மாறும். பஞ்சாயத்தில் 10 சென்ட், சிறு நகராட்சியில் 5, மாநகரிலும் பெரிய நகராட்சியிலும் 3. மட்டாஞ்சேரி நகராட்சி 1967-ல் கொச்சி மாநகராட்சியோடு இணைந்துவிட்டதால் இங்கே மூன்றுதான்.

விலைக் கணக்குதான் சுவையானது. மூன்று சென்ட்டின் சந்தை விலை 1,200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கால் பங்கு 300. அதில் பாதியை இதற்கென்றே ஏற்படுத்திய நல நிதி கட்டும். மீதி 150-ஐக் குடியிருப்பவர் 12 வருடத் தவணையில் அடைக்கலாம், ஆண்டுக்குப் பன்னிரண்டரை ரூபாய். நிலக்காரரிடம் உச்சவரம்புக்கு மேல் நிலம் இருந்தால் விலை எட்டில் ஒரு பங்காகவே குறையும். விண்ணப்பம் நில நடுவர் மன்றத்துக்குப் போகும். அங்கே கிடைக்கும் கிரயச் சான்றிதழ்தான் உரிமைக்கு ஆதாரம். அதைப் பத்திரமாக வைத்திருக்கும் வீட்டுக்கு வாரிசுத் தகராறிலும் வங்கிக் கடனிலும் பாதி வேலை மிச்சம்.

நிலக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. வழக்குகள் உச்ச நீதிமன்றம்வரை போயின. 1972-ல் 29ஆவது அரசியல் சட்டத் திருத்தம் இந்த நிலச் சட்டத்தின் திருத்தங்களை ஒன்பதாம் அட்டவணையில் சேர்த்தது. எடநீர் மடாதிபதி கேசவானந்த பாரதி தொடுத்த வழக்கும் இதே நிலச் சட்டத்தில் தொடங்கியதுதான்.

பஜார் ரோட்டுக் கிடங்குக்காரர் ஏன் வெளியே நின்றார்? வீடு, கடை, கிடங்கு ஆகிய கட்டடங்களின் வாடகையை இந்தச் சட்டத்தின் குத்தகைப் பகுதி ஒதுக்கிவிட்டது. அவருக்கு 1965 வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் உண்டு. வெளியேற்றத்திலிருந்து அது காக்கும். வாங்கும் உரிமை தராது. அரசும் உள்ளாட்சியும் குத்தகைக்கு விட்டவற்றுக்கும் அந்தப் பகுதியில் விலக்கு. பிரிட்டனில் உள்ளாட்சி வாடகைதாரர் வாங்க முடிந்தது, தனியார் வீட்டுக்காரர் தப்பித்தார். இங்கே நேர் தலைகீழ். அடுத்தவர் சொத்தில் தாராளம் காட்டுவது எந்த அரசுக்கும் எளிது.

தமிழ்நாட்டிலும் இதைப் போன்ற உரிமை வந்தது. அதன் 1971 குடியிருப்புச் சட்டம் கிராமத்து விவசாயிகளையும் விவசாயத் தொழிலாளர்களையும் மனைக்கு உரியவர்களாக்கியது. நகரத்தில், குத்தகை மனையில் சொந்தமாகக் கட்டடம் எழுப்பியவருக்கு அந்த மனையை விலைக்குக் கேட்க 1921 சட்டம் வழிவைத்தது.

கொச்சி மாநகராட்சி இன்று வேறு பாதையில் போகிறது. ஃபோர்ட் கொச்சி துருத்தியில் ராஜீவ் ஆவாஸ் யோஜனா வீட்டுத் திட்டத்தில் எழுந்த இரட்டை அடுக்குமாடிகளில் 394 குடும்பங்களுக்கு இடம். இங்கே கிடைப்பது மூன்று சென்ட் மண் அல்ல, பயனாளிப் பட்டியல் வழியாக வரும் ஒரு மாடி வீடு.