காய்ச்சல் விட்ட பிறகும் மனம் வாடுகிறதா?

டெங்கு, சிக்குன்குனியா, கொரோனா போன்ற வைரஸ் காய்ச்சலிலிருந்து மீண்ட முதியவர்கள் சிலர், வாரக்கணக்கில் சோர்ந்தே இருப்பதை நம் வீடுகளில் காண்கிறோம். பசி இல்லை, தூக்கம் இல்லை, பேரப்பிள்ளைகளிடம்கூடப் பேச்சில்லை. ஃபஜ்ருக்குப் பள்ளிவாசலில் முதல் ஆளாக நின்றவர், வீட்டில் தொழவே எழ மறுக்கிறார். "வயசாயிடுச்சு" என்கிறோம், சில வேளை "ஈமான் குறைஞ்சிடுச்சு" என்றும் சொல்லிவிடுகிறோம். இரண்டுமே அவசரத் தீர்ப்பு.

உடலுக்குள் என்ன நடக்கிறது?

வைரஸ் நுழைந்ததும் நோய் எதிர்ப்பு அணுக்கள் 'சைட்டோகைன்' என்னும் புரதங்களைச் சுரக்கின்றன. இன்டர்லூகின்-6 அவற்றுள் ஒன்று. கிருமியோடு போரிட ஆள் திரட்டும் இந்தச் செய்தி, இரத்தம் வழியாகவும் நரம்பு வழியாகவும் மூளைக்கும் எட்டுகிறது. காய்ச்சலில் யாரோடும் பேசப் பிடிக்காமல் சுருண்டு படுப்பது இதனால்தான். கிருமி அடங்கியதும் இந்த அழற்சியும் தணிய வேண்டும். சர்க்கரை, இதய நோய் உள்ள முதியவர்களின் உடலில் ஏற்கெனவே லேசான அழற்சி இருப்பதால், அது தணியத் தாமதமாகலாம்.

ஹெபடைடிஸ் சி நோய்க்கு முன்பு தரப்பட்ட இன்டர்ஃபெரான் ஊசியும் ஒருவகை சைட்டோகைனே. அதைப் போட்டுக்கொண்டவர்களில் கணிசமானோருக்கு மனச்சோர்வு வந்தது. 2020இல் இத்தாலியின் மிலான் நகரில், கொரோனாவிலிருந்து மீண்ட 402 பேரை ஒரு மாதம் கழித்து ஆராய்ந்தார்கள். 31 சதவீதம் பேரிடம் மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தன. நோயின்போது இரத்தத்தில் அழற்சி கூடுதலாக இருந்தவர்களிடம் அவையும் கூடுதலாக இருந்தன. அழற்சி மட்டுமே காரணமல்ல; தனிமை, மூட்டுவலி, துணையை இழந்த துயரமும் சேர்ந்துகொள்ளும்.

நாம் செய்ய வேண்டியவை

• சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இரத்தசோகை, தைராய்டு, உப்புக் குறைவு, பி12 குறைவு ஆகியவையும் இப்படித் தோன்றலாம்.

• மனச்சோர்வுக்கு மருந்து தந்தால் அதை நாமாக நிறுத்தக் கூடாது.

• திடீரென ஆள் அடையாளம் தெரியாமல் குழம்பினால், அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

• "நான் இருந்து என்ன பயன்" என்ற பேச்சை அலட்சியம் செய்யாதீர்கள். அரசின் டெலி மானஸ் எண் 14416. எந்நேரமும் அழைக்கலாம், கட்டணமில்லை.

நோய்க்கு மருத்துவம் செய்வதும், நோயாளியை நலம் விசாரிப்பதும் நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழி. மனம் நோயுற்றவரையும் அப்படியே விசாரிப்போம். உபதேசம் வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து ஒரு குவளை கஞ்சி கொடுத்தாலே போதும். அல்லாஹ் நம் பெரியவர்களுக்குப் பூரண சுகத்தை அருள்வானாக. ஆமீன்.